எண்பதாந் துறை

நமது கல்லூரி விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, பழைய மாணவர் பலரும் எழுதுவது போல ஆசிரியர்களின் அன்பையும் பிரம்பையும் பற்றியும், விளையாட்டு மைதானத்தைப் பற்றியும், மாலை வேளைகளில் கடற்கரையில் உலாவிய இன்பத்தைப் பற்றியும் எழுதலாமென முதலில் எண்ணினேன். ஆனால் அவற்றை என்னினும் நன்றாக எழுத வல்லார் நம்மிடையே பலருளர். ஆதலின், இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் கைப்பழக்கமாகக் கொண்டுள்ள ஒரு சிறு தொழிலைப் பற்றி எழுதத் துணிந்தேன். அது யாதெனின், கணனி ஒன்றை இணைய வழங்கியாக அமைத்து, அதன்கண் நிரல்களை இயக்கி, அவை செவ்வனே நடக்கின்றனவா எனச் சோதித்தறியும் தொழிலாகும். வறண்ட பொருளென்று கருதி வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. ஓர் எழுத்தின் உட்குறி வேறுபட்டமையால், உயிரோடிருந்த ஒருவர் பட்டியலில் இல்லாதவராகத் தோன்றவிருந்த செய்தி ஒன்றும் இதனுள் அடங்கியிருக்கின்றது.

வழங்கி என்பது யாது? கச்சேரிக்குச் சென்ற அனுபவம் நம் எல்லோர்க்கும் உண்டு. அங்கே சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கும். யார் வந்து பார்த்தாலும் அது ஒன்றையே சொல்லும். இணையத்திலும் அவ்வகைப் பக்கங்கள் உள. அவற்றை எழுதி வைத்தால் போதும். பார்ப்பவர் பார்த்துக் கொள்வர். ஆனால் கச்சேரியில் இலிகிதர் ஒருவரும் இருக்கின்றார். நாம் நமது பெயரையும் ஊரையும் சொன்னால், அவர் உள்ளே சென்று, பேரேட்டைப் புரட்டி, நமக்குரிய விடையை மாத்திரம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து தருகின்றார். பேரேடு முழுவதையும் நாம் காண்பதில்லை. அதனை எவ்வாறு புரட்ட வேண்டுமென்று அவருக்கு விதிக்கப்பட்ட சுற்றுநிருபத்தையும் நாம் காண்பதில்லை. வழங்கியின் பக்கத்தில் ஓடும் நிரல் அந்தச் சுற்றுநிருபத்தைப் போன்றது, பேரேடு தரவுத்தளம், இலிகிதர் வழங்கி.

இதனால் ஓர் உண்மை பெறப்படும். இலிகிதரின்றிச் சுற்றுநிருபத்தை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தால் விடை கிடையாது, சுற்றுநிருபமே தெரியும். புதிதாகப் பயிலும் மாணவர் பலர், நிரலை எழுதிக் கோப்பை நேரே உலாவியில் திறந்து, தாம் எழுதியதே திரையில் தோன்றக் கண்டு திகைப்பர். நிரல் ஓட வேண்டுமாயின் முதலில் ஒரு வழங்கியை நிறுவ வேண்டும். அதனை ஊரறிய இணையத்தில் நிறுவுதல் ஒன்று; தன் மேசைமேலுள்ள கணனியிலேயே, தனக்கு மாத்திரம் தெரியும்படி நிறுவுதல் மற்றொன்று. சோதனைக்கு உரியது இரண்டாவதாகும். நம்மூர் மீனவர் வள்ளத்தைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்து, ஓட்டை ஒழுக்குப் பார்த்து, பின்னரே அலையில் இறக்குகின்றனர். ஆழ்கடலில் நின்றுகொண்டு ஓட்டை தேடுவாரில்லை.

துறைமுக நகரத்துப் பிள்ளைகளாகிய நமக்கு இத்தொழிலில் ஒரு சொல் மிக எளிதில் விளங்கும். கணனி ஒன்றினுள் வந்து சேரும் செய்திகள் எல்லாம் ஒரே வாயிலால் நுழைவதில்லை. ஒவ்வொரு சேவைக்கும் இலக்கமிட்ட ஒரு துறை உண்டு. ஆங்கிலத்திலும் துறைமுகத்தைக் குறிக்கும் ‘போட்’ என்னும் சொல்லே இதற்கும் வழங்குகின்றது. 0 முதல் 65,535 வரை துறைகள் உள. இணையப் பக்கங்களுக்குரியது 80 ஆம் துறை. மறைகுறியாக்கிப் பாதுகாக்கப்பட்ட பக்கங்களுக்குரியது 443 ஆம் துறை. மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம் காத்திருப்பது 3306 ஆம் துறை. உட்துறைமுகத்தில் ஓர் இறங்குதுறையில் ஒரு கப்பல் கட்டப்பட்டிருக்கும்பொழுது மற்றொன்றை அங்கே கட்டவியலாது. அதுபோலவே, 80 ஆம் துறையை வேறொரு மென்பொருள் பிடித்துக்கொண்டால் வழங்கி எழுந்திராது. ஒரு காலத்தில், கணனி வழியே தொலைபேசி உரையாடல் நடத்தும் ஒரு மென்பொருள் இவ்வாறு அத்துறையைப் பற்றிக்கொள்ளும். மாணவர் வழங்கியைப் பலமுறை நீக்கி நிறுவியும் காரணம் அறியாது வருந்துவர். முன்னைய கப்பலை அகற்றுதல், அன்றேல் நமது கப்பலை 8080 போன்ற வேறு துறைக்குக் கொண்டுசெல்லுதல் என்னும் இரண்டே வழிகள் உள.

வழங்கியின் வரலாற்றையும் சிறிது கூற வேண்டும். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ண் ஆய்வுக்கூடத்தில் ரிம் பேர்ணேர்ஸ்-லீ என்பார் 1990 ஆம் ஆண்டின் இறுதியில் முதல் இணைய வழங்கியை இயக்கினார். அதனை யாரும் அணைத்துவிடலாகாது என்று கையால் எழுதிய துண்டொன்றை அவர் அக்கணனியில் ஒட்டியிருந்தார். மின்வெட்டுக்குப் பழகிய நம்மவர்க்கு அத்துண்டின் அருமை நன்கு புலனாகும். பின்னர் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்து ஆய்வு நிலையமொன்றில் ஒரு வழங்கி ஆக்கப்பட்டது. 1993 இல் வழங்கி வெளி நிரல்களை அழைத்து இயக்கும் முறையும் அங்கேயே வகுக்கப்பட்டது. அதனை ஆக்கியவர் அந்நிலையத்தை விட்டு 1994 இல் நீங்கியபின், அதனைப் பயன்படுத்தியோர் தத்தமக்குத் தெரிந்த திருத்தங்களை ஒருவர்க்கொருவர் அனுப்பிப் பேணலாயினர். அவ்வொட்டுத் தையல்களிலிருந்து 1995 ஏப்பிரலில் வெளிவந்ததே அப்பாச்சி என்னும் வழங்கி. அடுத்த ஆண்டிலேயே அது உலகில் மிகுதியாகப் பயன்படும் வழங்கியாயிற்று.

அப்பாச்சி என்னும் பெயரைக் கேட்டவுடன் நமது மாணவர் சிரிப்பர். நம்மிடையே அப்பாச்சி என்பது தந்தையைப் பெற்ற தாயையன்றோ குறிக்கும்! நான் அவர்களுக்குச் சொல்வதுண்டு: “இந்த அப்பாச்சியும் அந்த அப்பாச்சி போலத்தான். வாசலில் இருப்பா, வந்தவர் யாரென்று பார்ப்பா, கேட்டதை உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பா, கொடுக்கக் கூடாததைக் கொடுக்கமாட்டா.” இவ்வுவமை எந்தப் பாடநூல் விளக்கத்தினும் அவர்கள் மனத்திற் பதிந்துவிடும்.

வழங்கியுடன் நிரல் மொழியொன்றும் வேண்டும். கிறீன்லாந்திற் பிறந்த றஸ்மஸ் லேர்டோர்ஃப் என்பார், இணையத்திலிருந்த தமது தகைமைக் குறிப்பை யார் யார் பார்க்கின்றனர் என்றறிதற் பொருட்டு 1994 இல் எழுதிய சிறு கருவிகள், 1995 யூனில் வெளியிடப்பட்டு, பி.எச்.பி. என்னும் மொழியாக வளர்ந்தன. அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பி.எச்.பி. ஆகிய மூன்றையும் தனித்தனியே நிறுவி ஒன்றோடொன்று இணைத்தல் முன்னர் ஒரு நாள் வேலை. 2002 இல் ஜெர்மானிய ஆர்வலர் குழுவொன்று மூன்றையும் ஒரே பொதியாக்கி எக்ஸாம்ப் என்னும் பெயரால் இலவசமாக வழங்கியது. வட்டு ஒன்றிற் பதித்தால் பேருந்திற் கொண்டுவரலாம். தொலைபேசிக் கம்பி வழியே மெல்லென ஊர்ந்து வரும் இணையத்தை நம்பியிருந்த எமக்கு அது பெரும் வரப்பிரசாதமாயிற்று.

அமைக்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுவேன். அப்பாச்சியின் அமைப்புக் கோப்பு சாதாரண எழுத்துக் கோப்பே. அதிற் பார்க்க வேண்டியவை ஐந்து. எந்தத் துறையிற் காத்திருக்க வேண்டும் என்பது முதலாவது. பக்கங்கள் எந்த அடைவில் வைக்கப்பட்டுள்ளன என்பது இரண்டாவது. பி.எச்.பி. கூற்றை உடன் ஏற்றிக்கொள்ளுமாறு பணிக்கும் வரி மூன்றாவது. எந்தப் பின்னொட்டுடைய கோப்புகளை அப்படியே கொடாது நிரலாக இயக்க வேண்டும் என்பது நான்காவது. அடைவின் பெயரை மட்டும் கேட்டு வந்தவர்க்கு எந்தக் கோப்பை முதலிற் காட்டுவது என்பது ஐந்தாவது. இவற்றைத் திருத்தியபின் வழங்கியை நிறுத்தி மீளத் தொடக்க வேண்டும். அன்றேல் பழைய விதியே நடக்கும். தொடக்கு முன்னர்க் கோப்பின் இலக்கணம் சரியோவெனப் பார்த்துச் சொல்லும் கட்டளையும் உண்டு. பி.எச்.பி.க்கும் தனியே ஓர் அமைப்புக் கோப்புள்ளது. அதன் பின்னொட்டு ‘இனி’. தொடக்க அமைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமாயினும், தமிழிற் படித்தால் ‘இனி இவ்வாறு நட’ என்று பணிப்பது போலவே ஒலிக்கும். அதில், பிழைகளைத் திரையிற் காட்டுக என்று சோதனைக் கணனியிற் பணிக்க வேண்டும். ஊரறிய இயங்கும் வழங்கியில், பிழைகளைத் திரையில் மறைத்துப் பதிவேட்டில் மட்டும் எழுதுக என்று பணிக்க வேண்டும். வைத்தியர் மாணவர்க்கு உடலைப் பிளந்து காட்டுவார். வீதியில் அவ்வாறு செய்யார்.

பதிவேடு என்றேன். கப்பற்றலைவன் நாள்தோறும் எழுதும் குறிப்பேட்டுக்கும் வழங்கி எழுதும் பதிவுக்கும் ஆங்கிலத்திற் பெயர் ஒன்றே. வழங்கி இயங்காதபொழுது திரையைப் பார்த்துக் கலங்குவோர் பலர். பதிவேட்டைத் திறந்து பார்ப்போர் சிலர். 404 என்றால் கேட்ட கோப்பு அங்கில்லை. 403 என்றால் கோப்பு இருப்பினும் தருவதற்கு அனுமதியில்லை. 500 என்றால் நிரலினுள் ஏதோ முறிந்தது. இம்மூன்றையும் வேறுபிரித்தறிந்த மாணவன் பாதி வழி கடந்தவனாவான்.

இனி, நான் முன்னர்க் குறித்த செய்திக்கு வருகின்றேன். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் காலை கடல் பொங்கி நமது கரையை அழித்ததை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி முதலாய இடங்களில் வீடிழந்தோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் நலன்புரி நிலையங்களிலும் தங்கியிருந்தனர். ஓரிடத்திலிருந்தவர் தம் உற்றார் மற்றோரிடத்தில் உளரோ இலரோ என்றறியாது, பட்டியல் கொண்டுவந்தோரையெல்லாம் வழிமறித்துக் கேட்டனர்.

அப்பொழுது நகரத்தில் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் அறையொன்றில் இரண்டு கணனிகளை வைத்துக்கொண்டு உயர்தர வகுப்பு மாணவர் சிலர்க்கு நிரலாக்கம் சொல்லிக் கொடுத்து வந்தேன். 2005 சனவரி முதல் வாரத்தில் மாணவர் இருவர், “சேர், இந்தப் பேர்களை எல்லாம் நாங்கள் ஏன் கணனியில் ஏத்திப் பார்க்கக் கூடாது?” என்று கேட்டனர். நிலையங்களிலிருந்து தொண்டர்கள் எழுதிக் கொணர்ந்த சீ.ஆர். கொப்பிகள் ஒரு மேசை நிறையக் கிடந்தன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பட்டியல்களும் வந்தன. அவற்றில் ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. ஆகவே தமிழிலேயே பதிவதென முடிவு செய்தோம். யூனிக்கோட் என்னும் பொதுக் குறியீட்டில் 1991 முதல் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அதனை முறையாகத் தாங்கவல்ல மைஎஸ்கியூஎல் 4.1 பதிப்பு, எமது நற்காலமாகச் சில மாதங்களுக்கு முன்னரே, 2004 ஒக்டோபரில், வெளிவந்திருந்தது. பெயர், தந்தை பெயர், ஊர், இருக்குமிடம் என நான்கு நிரைகள். பெயரைக் கேட்டால் இடத்தைச் சொல்லும் ஒரு சிறு நிரல். அவ்வளவே எமது படைப்பு.

தமிழைக் கணனி எண்ணும் விதம் விந்தையானது. ‘கோணேசர்’ என்னும் பெயரை நாம் நான்கு எழுத்தென்போம். யூனிக்கோட் அதனை ஏழு குறிகளாகக் காணும்: ககரம், ஓகாரக் குறி, ணகரம், ஏகாரக் குறி, சகரம், ரகரம், புள்ளி. அவ்வேழும் சேமிக்கப்படும்பொழுது குறியொன்றுக்கு மூன்று பைற்றாக 21 பைற்று இடம் பிடிக்கும். தரவுத்தளத்தின் நிரையொன்றை ஆங்கிலத்துக்கேற்ப அமைத்து 20 இடம் ஒதுக்கினால், ஆங்கிலப் பெயர் தாராளமாக அடங்கும். கோணேசரோ ஆறு குறியோடு அறுபட்டுப் புள்ளியிழந்து நிற்பார். எனவே முதலிலேயே நிரைகளைத் தமிழ் தாங்குமாறு அமைத்து, வழங்கி அனுப்பும் பக்கங்களும் அதே குறிமுறையில் உள்ளன என்று உலாவிக்கு அறிவிக்கும் வரியையும் சேர்த்துக்கொண்டோம்.

முந்நூறுக்கு மேற்பட்ட பெயர்கள் ஏறியபின், மக்கட்குத் திறந்துவிடுதற்கு முன், சோதனை செய்தோம். மாணவர் தாமாகக் கற்பித்த பெயர்களைக் கொண்டு சோதிக்க விரும்பினர். அது வேண்டாமென்று, கொப்பிகளிலிருந்தும் பிற பட்டியல்களிலிருந்தும் கண்டபடி நாற்பது பெயர்களை எடுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் தட்டித் தேடினர். பெரும்பாலானவை உடனே வந்தன. சில வரவில்லை. ஆனால் பட்டியலைக் கண்ணாற் பார்த்தால் அப்பெயர்கள் திரையில் இருக்கின்றன! கேட்டால், இல்லை என்கின்றது கணனி. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டோம், வேறுபாடு காணோம். ஒரு மணி நேரத்தின் பின் மாணவருள் இளையவன் ஒன்றைக் கண்டான். வாராத பெயர்களில் எல்லாம் ‘கோ’, ‘யோ’, ‘லோ’, ‘பொ’ போன்ற எழுத்துகள் இருந்தன. அன்றியும் அவை யாவும் ஒரே பட்டியலிலிருந்து வந்தவை.

அப்பட்டியல் பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டு, மாற்றி ஒன்றின் மூலம் யூனிக்கோட்டாக்கப்பட்டது. பாமினியில் ‘கோ’ என்பது பார்வைக்குரிய மூன்று துண்டு: முன்னே இரட்டைக் கொம்பு, நடுவே ககரம், பின்னே அரவு. மாற்றி அவற்றை ககரம், ஏகாரக் குறி, ஆகாரக் குறி எனத் தனித்தனியே வைத்திருந்தது. எமது விசைப்பலகையோ ககரத்தின் பின் ஓகாரக் குறி ஒன்றையே இட்டது. திரையில் இரண்டும் ஒரே ‘கோ’. நிரலைக் கொண்டு அளந்தபொழுது ஒரு ‘கோ’ 6 பைற்று. மற்றது 9 பைற்று. இரண்டும் ஒன்றே எனக் கொள்ள வேண்டுமென யூனிக்கோட் விதி கூறுகின்றது. ஆனால் அவ்விதியை நிரலும் தரவுத்தளமும் தாமாகக் கைக்கொள்வதில்லை. அக்காலத்துப் பி.எச்.பி.யில் இதற்கென அமைந்த கருவியும் உடன் இருக்கவில்லை. அது 2009 இல் 5.3 ஆம் பதிப்போடு வந்தது. ஆகவே, பதியும்பொழுதும் தேடும்பொழுதும் பிளவுண்ட துண்டுகளை ஒன்றாக்கும் சில வரிகளை மாணவர் எழுதினர். ஒகரமும் ஓகாரமும் உடனே சீராயின. ஔகாரம் மாத்திரம் தொல்லை தந்தது. ‘கௌரி’ என்பதை ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டுவோர் பலர். அவ்விரண்டையும் கண்ட இடமெல்லாம் ஔகாரக் குறியாக்கினாலோ ‘வெள்ளி’ என்னும் சொல் சிதைந்துபோம். எனவே அவ்வகைப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினோம். மாலையில் நாற்பது பெயரும் வந்தன.

மறுநாள் முற்பகலில், மூதூர்ப் பக்கத்திலிருந்து இயந்திரப் படகில் கொட்டியாரக் குடாவைக் கடந்து வந்த முதிய அம்மையார் ஒருவர் அறை வாயிலில் நின்றார். “என்ர தம்பியின்ர பேர் இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ தம்பி,” என்றார். நிலாவெளிப் பக்கத்தில் தொழிலுக்குச் சென்றிருந்த தம்பி. எட்டு நாட்களாக வேறிடங்களிற் கேட்டு, இல்லை என்னும் விடையே பெற்றவர். அவர் தம்பியின் பெயரை இங்கே எழுதுதல் முறையன்று. அது ‘கோ’ என்னும் எழுத்தில் தொடங்கியது என்பது போதும். மாணவன் தட்டினான். பெயர், தந்தை பெயர், ஊர் மூன்றும் பொருந்த, நகருக்கு வடக்கேயுள்ள ஒரு நிலையத்தின் பெயரும் திரையில் வந்தது. அந்த வரி, மாற்றியினூடாக வந்த பட்டியலுக்குரியது. முந்தின நாள் காலையில் அவர் வந்திருப்பாராயின், கணனி இல்லையென்று சொல்லியிருக்கும்; நாமும் அவ்வாறே அவருக்குச் சொல்லியிருப்போம். அவர் திரையைப் பார்க்கவில்லை. மாணவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வாய் திறக்குமுன்னரே அவருக்கு விளங்கிவிட்டது. நன்றி கூறி நிற்கவும் அவருக்கு நேரமிருக்கவில்லை. பேருந்து எங்கே எடுக்கலாமென்று கேட்டுக்கொண்டு இறங்கி நடந்தார்.

சோதனை என்பது நிரலாக்கத்தின் வாற்பகுதியென்று கருதுவோரை நான் இன்றும் காண்கின்றேன். அவர்களிடம் நான் வாதிடுவதில்லை, இதனையே சொல்வேன்.

மற்றுமொரு பாடத்தையும் அந்நாட்களிலேயே கற்றோம். ஒரு மனிதன் எங்கே தங்கியிருக்கின்றான் என்று சொல்லும் பட்டியல், அவனைத் தேடும் தமக்கைக்கு அருமருந்து. ஆனால் நமது மாவட்டத்தில் பல ஆண்டு வாழ்ந்தவர், அத்தகைய பட்டியல் வேறு கைகளுக்குச் சென்றால் யாதாகுமென்பதையும் அறிவர். அப்பாச்சி ஓர் அடைவுக்கு முதற்பக்கம் இல்லாதபொழுது, தடுக்கப்படாவிடின், அதிலுள்ள கோப்புகள் அனைத்தையும் வரிசையாகக் காட்டிவிடும். அதனை மூடும் வரியொன்றை அமைப்புக் கோப்பிற் சேர்க்க வேண்டும். வழங்கி வெளியார்க்குச் செவிகொடாமல் 127.0.0.1 என்னும் தன் சொந்த முகவரியில் மாத்திரம் காத்திருக்குமாறும் பணிக்கலாம். பிரட்ரிக் கோட்டைக்கு ஒரு வாயில் இருப்பது போல, அறையிலிருந்த ஒரு கணனிக்கே வாயில் வைத்தோம். கேட்டு வந்தவர்க்கு மாணவரே பார்த்துச் சொல்வர். பி.எச்.பி.யின் முழு அமைப்பையும் விரித்துக் காட்டும் சோதனைப் பக்கமொன்றை எல்லோரும் முதலில் எழுதிப் பார்ப்பதுண்டு. சோதித்தபின் அதனை அழித்துவிட வேண்டும். வீட்டுத் திறப்பு எங்கே தொங்குகின்றதென்று வாசற் கதவில் எழுதி வைப்பாருளரோ?

பின்னர் இந்நிரலின் பிறிதொரு வடிவத்தை லினக்ஸ் இயங்கும் கணனியொன்றுக்கு மாற்ற நேர்ந்தது. இங்கே ஓடியது அங்கே 404 என்றது. காரணம் சிறிது: விண்டோஸ் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும், லினக்ஸ் அவற்றை வேறாகக் கொள்ளும். தமிழிற் பேரெழுத்துச் சிற்றெழுத்து என்னும் பாகுபாடு இல்லாமையால் நம் மாணவர் கண்ணுக்கு இவ்வேறுபாடு எளிதிற் படுவதில்லை. ஆதலின் கோப்புப் பெயர்களை எப்பொழுதும் சிற்றெழுத்திலேயே எழுதுக என்பது எமது வகுப்பின் விதியாயிற்று. சோதிக்கும் வழங்கி, பின்னர் ஓடப்போகும் வழங்கியை எவ்வளவு ஒத்திருக்கின்றதோ அவ்வளவே சோதனையின் பயனும்.

நாம் செய்தது ஓர் அறையளவிற் செய்த சிறு காரியம். அதே நாட்களிற் கொழும்பில் பெரிய முயற்சியொன்று நடந்தது. கடற்கோள் நிகழ்ந்த சில நாட்களுள், லங்கா மென்பொருள் மன்றத்தைச் சூழ்ந்த தொண்டர்கள் ஒன்றுகூடி, காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றைப் பதியும் மென்பொருளொன்றை எழுதினர். ‘சஹானா’ என்பது அதன் பெயர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும். அதுவும் அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பி.எச்.பி. ஆகிய மூன்றின் மீதே நின்றது. யாரும் எடுத்தாளும்படி அதன் மூல நிரல் வெளியிடப்பட்டது. 2005 ஒக்டோபரிற் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபொழுதும், 2006 இல் பிலிப்பைன்ஸில் மண் சரிந்தபொழுதும், அதே ஆண்டில் ஜாவாவில் யோக்யகார்த்தா நடுங்கியபொழுதும், 2010 இல் ஹெயிற்றியிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நலனுக்கான 2006 ஆம் ஆண்டு விருதை அதற்கு வழங்கிற்று. நம் தீவின் துயரிலிருந்து பிறந்த ஒரு கருவி பிற நாட்டார் துயரையும் துடைத்ததென்பது, நமது மாணவர் அறிந்து பெருமைகொள்ள வேண்டிய செய்தியாகும்.

அதே 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் ஈழத்து எண்ணிம நூலகமும் மீடியாவிக்கி என்னும் பி.எச்.பி. நிரலின் மீது வளர்ந்ததே. பழைய நூல்களும் பத்திரிகைகளும், நமது கல்லூரிகளின் விழா மலர்களுங்கூட, இன்று உலகின் எம்மூலையிலிருந்தும் படிக்கக் கிடைப்பது இத்தொழிலாலேயாகும்.

நமது கல்லூரியை வளர்த்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி என்பதை மறவாதிருத்தல் வேண்டும். 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்து, விஞ்ஞானத்தைத் தமிழிற் பயிலலாமென்று காட்டிய பெரியார் அவர். வழங்கி, உலாவி, நிரல், தரவுத்தளம், துறை என்னும் சொற்களைக் கொண்டு வகுப்பு நடத்தும்பொழுதெல்லாம் அவர் வகுத்த வழியிலேயே நடக்கின்றோம் என்னும் நிறைவு எனக்கு உண்டாகின்றது. சொல் தமிழில் இருந்தால் மாணவன் பொருளை அஞ்சுவதில்லை.

இன்று கருவிகள் எளிதாகிவிட்டன. 2012 இல் வந்த 5.4 ஆம் பதிப்பு முதல் பி.எச்.பி. தன்னுள்ளேயே சோதனைக்கான சிறு வழங்கியொன்றைக் கொண்டுள்ளது. ஒரு வரிக் கட்டளையால் அதனை எழுப்பலாம். அறுந்த குறிகளை ஒன்றாக்கும் கருவியும் உடன் கிடைக்கின்றது. கருவி எளிதானமையால் கவனம் குறைந்துவிடலாகாது. இப்போதைய மாணவர்க்கு நான் வேண்டிக்கொள்வன மூன்றே: உண்மையான பெயர்களைக் கொண்டு சோதியுங்கள், பதிவேட்டைப் படியுங்கள், வாயிலைப் பூட்டுங்கள்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நம்மவர் போராலும் கடற்கோளாலும் பிழைப்பின் பொருட்டும் பல நாடுகளிற் சிதறியுள்ளனர். அவரவர் பெயர், பயின்ற ஆண்டு, இன்றிருக்கும் நாடு ஆகியவற்றைத் தமிழிற் பதிந்து பேணும் பட்டியலொன்றை மாணவரைக் கொண்டே ஆக்குவோமாக. முதலிற் கல்லூரிக் கணனி அறையில், வெளியார் காணா வழங்கியொன்றில் அது ஓடட்டும். ஒவ்வொரு வகுப்பாரும் தத்தம் தோழர் பத்துப் பேரின் பெயரைத் தட்டித் தேடிப் பார்க்கட்டும். எல்லாப் பெயரும் வந்தபின்னர் அதனைக் கடலில் இறக்குவோம். இதற்குரிய உழைப்பில் என் பங்கைத் தர நான் ஆயத்தமாக உள்ளேன். வார இறுதிகளில் மாணவர் என்னை அழைக்கலாம்.